முந்நூறு வருஷத்து வலைமேடை

சென்னை மாவட்டத்தில் கிராமம் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, கிராமியச் சுற்றுலா மற்றும் தொன்மை இட மேம்பாட்டு முகமைக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என்ன செய்வது? மாவட்டத்துக்கு ஐந்து வீதம், கிராமப்புறத்தில் பார்க்கத்தக்க இடங்களை மார்ச் முடிவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எல்லா மாவட்டங்களும் என்று அதில் போட்டிருந்தது. போட்டவருக்குச் சென்னை ஞாபகம் வரவில்லை. திருத்தச் சொல்லிக் கேட்கலாம்தான். கேட்டால் உத்தரவில் பிழை என்று ஆகிவிடும். உத்தரவில் பிழை இருப்பதைவிடச் சென்னையில் கிராமம் இருப்பது மேல் என்று இணை இயக்குநர் தங்கப்பாண்டி முடிவு செய்தார்.

அவர் கெட்டிக்காரர். எங்கே பேருந்து போகவில்லையோ, எங்கே தெருவிளக்கு எரியவில்லையோ, எங்கே மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதோ, அது கிராமம் என்று ஒரு வரையறை எழுதினார். எழுதிய அன்று மாலையே வடசென்னையில் பாதி கிராமமாகிவிட்டது. அதில் தண்ணீரும் படகும் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து, காத்திவாக்கத்தை ஒட்டி எண்ணூர்க் கழிமுகத்தின் கரையில் இருக்கும் ஒரு குப்பத்தின் மேல் விரலை வைத்தார்.

அந்தக் குப்பத்துக்காரர்கள் கிராமச் சாலைத் திட்டத்தில் ஒரு ரோடு போட்டுக் கொடுங்கள் என்று பதினைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'தங்கள் பகுதி மாநகரம், கிராமம் அல்ல' என்று பதில் வரும். இப்போது ஒரே நாளில் கிராமமாகிவிட்டார்கள். ரோடு மட்டும் வரவில்லை. ஜீப் வந்தது.

ஜீப் வந்த நேரத்தில் பரசுராமன் தன் மேடையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். செங்கல் மேடை, நாலு மூலையில் நாலு தூண், தண்ணீரில் இறங்க நாலு படி. சுனாமிக்கு அடுத்த வருஷம் அவனே கட்டியது. விம்கோ நகரில் ஒரு பழைய சுவரை இடித்துப் போட்ட செங்கலை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பதினோரு நடை ஏற்றி வந்தான். அவன் சாந்து குழைக்க, மனைவி அம்மு தண்ணீர் சுமந்தாள். கூரை வர்தா புயலோடு போய்விட்டது. தூண்களும் ஆளுக்கொரு உயரத்தில் உடைந்து நின்றன.

எண்ணூர்க் காற்றில் எதற்கும் இளமை நிற்காது. ஒரு பக்கம் கடல் உப்பு, மறுபக்கம் புகைபோக்கிச் சாம்பல். போன வருஷம் வாங்கிய பைக்கைப் பார்த்தால் வெள்ளைக்காரன் விட்டுப்போனது மாதிரி இருக்கும். பரசுராமனுக்கு வயது நாற்பத்தெட்டு. பஸ்ஸில் ஏறினால் கல்லூரிப் பெண்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் முகமையின் தொன்மை ஆலோசகர், முனைவர் இக்னேஷியஸ். மேடையைச் சுற்றி வந்தார். ஒரு செங்கல்லை நகத்தால் சுரண்டி, அந்தத் தூளை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"பதினெட்டாம் நூற்றாண்டு," என்றார். "முற்பாதி."

"இன்னாது சார்?" என்றான் பரசுராமன்.

"இந்தக் கட்டடம். இதை யார் கட்டியது என்று ஊரில் ஏதாவது சொல்வார்களா?"

"சொல்றது இன்னா சார், நான்தான் கட்டுனேன். சுனாமி வந்துச்சில்ல, அதுக்கு அடுத்த வருசம்."

இக்னேஷியஸ் கனிவோடு சிரித்தார். கூட வந்திருந்த எழுத்தரிடம், "குறித்துக்கொள்ளுங்கள். பாமர மக்கள் முன்னோர் செய்ததையெல்லாம் 'நான் செய்தேன்' என்றுதான் சொல்வார்கள். சுனாமி என்பது ஏதோ ஒரு பழைய கடற்கோளின் நினைவு," என்றார். பிறகு இவன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எழுபது இருக்குமா?" என்று கேட்டார்.

"நாப்பத்தெட்டு சார்."

"தகவல் தருபவருக்குக் காலக் கணக்கு கிடையாது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்."

ஒரு தூணின் தலையில் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருந்தன. பிள்ளைகள் ஏறிக் குதிக்காமலிருக்கப் பரசுராமன் குவாட்டர் பாட்டிலை உடைத்துப் பதித்தவை. இக்னேஷியஸ் அதை விரலால் தடவி, ஐரோப்பியக் கண்ணாடி என்று சொன்னார். டச்சுக்காரர்கள் உப்புச் சுங்கம் வாங்குவதற்குக் காவலாளை உட்கார வைத்த மேடை இது என்று அங்கேயே நின்று தீர்ப்பாகிவிட்டது. எழுத்தர் எழுதினார், ஜீப் போய்விட்டது.

"யாருய்யா அவன்?" என்று அம்மு கேட்டாள். கூடையில் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள்.

"தெர்லமே. செங்கல்ல நக்கிட்டுப் போறான். பாவம், சோறு துன்னலபோல."

சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். இரண்டு மாதம் கழித்து அரசிதழில் அறிவிப்பு வந்தது. மறுவாரம் வேலி வந்தது. மேடையையும் படிகளையும் வளைத்து, இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் இறங்கும் வரை இரும்புக் கம்பி வேலி. அதில் ஒரு கேட், கேட்டில் ஒரு பூட்டு, பக்கத்தில் ஒரு பலகை. 'உப்புச் சுங்கக் காவல் மேடை. பொ.ஆ. பதினெட்டாம் நூற்றாண்டு. பார்வை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. செவ்வாய் விடுமுறை. நீரில் இறங்கத் தடை. சின்னத்துக்கோ வேலிக்கோ சேதம் விளைவித்தால் சிறை.'

பரசுராமனின் மீன்பிடிப் போட்டு வேலிக்குள்ளே படியில் கட்டிக் கிடந்தது.

இந்த இடத்தில் பாடு என்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கழிமுகத்தில் இறால் ஓடுகிற வழி கொஞ்சம். வலை போட ஆசைப்படுகிற ஆள் நிறைய. அடித்துக்கொள்ளாமல் இருக்க ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பரசுராமனுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை பாடு வரும். அன்றைக்கு நீர் வற்றத் தொடங்கும்போது அவன் வலை தண்ணீரில் இருக்க வேண்டும். வற்றுகிற நீரோடு இறால் வரும், வலையில் விழும். தாமதமாகப் போனால் விழாது. காரணம் எதுவானாலும் சரி, தொடர்ந்து மூன்று பாட்டை விட்டவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த ஆடியில் ஊர் கூடித்தான் மறுபடி சேர்க்கும். ஆடிக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. சுற்றிலும் மற்ற கரையெல்லாம் குழாய்கள், இல்லாவிட்டால் முழங்கால் புதையும் சாம்பல் சேறு. பாட்டில் இருக்கும் மற்றவர்களின் போட்டுகள் அக்கரையில் கிடக்கும்; இக்கரையில் இறங்க வழி அந்த நாலு படிதான்.

வேலி வந்த பிறகு முதல் பாட்டில் காலை ஏழரைக்கு நீர் வற்ற ஆரம்பித்தது. பரசுராமன் ஏழு மணிக்கே தோளில் இஞ்சினோடு கேட்டில் நின்றான். கேட்டைக் காக்க கரோலின் என்ற திருவொற்றியூர்ப் பெண்ணைப் போட்டிருந்தார்கள். டிக்கெட் கிழிப்பவர், வழிகாட்டி, காவலாளி என்று மூன்று பதவி அவளுக்கு. சம்பளம் மட்டும் ஒன்று.

"தொறம்மா. போட்டு உள்ள கீது."

"பத்து மணிக்குத்தாண்ணா தொறக்கணும். மேல கேமரா வச்சிக்கீறாங்க. தொறந்தா என் வேலை பூடும்."

"பத்து மணிக்கு எறா எனக்காக நின்னுகினு இருக்குமா?"

"எனக்குப் புரியுதுண்ணா. கேமராக்குப் புரியாதே."

வேலியில் ஆள் ஏறிக் குதிக்கலாம். நாற்பது கிலோ இஞ்சின் குதிக்காது. பரசுராமன் அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, நீர் வற்றுவதைக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய பாட்டிடத்தில் அன்றைக்கு வலை இல்லை. இறால் அது பாட்டுக்குப் போயிற்று. அழுகை வருகிற மாதிரி இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் அழக் கூச்சமாக இருந்ததால் கோபப்பட்டுக்கொண்டான்.

மறுநாள் முகமை அலுவலகத்துக்குப் போனான். நாலு மணி நேரம் உட்கார வைத்த பிறகு தங்கப்பாண்டி அழைத்தார். மரியாதை தெரிந்த மனிதர். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார்.

"சார், அத்த நான்தான் சார் கட்டுனேன். குப்பத்துல யார வேணா கேளுங்க."

"நல்லது. அப்படி எழுதிக் கொடுங்கள். ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள். நீங்கள் கட்டவில்லை என்றால் அது தொன்மைச் சின்னம், நீங்கள் தொடக் கூடாது. நீங்கள் கட்டியது என்றால் அது புறம்போக்கில் ஆக்கிரமிப்பு, நாங்கள் இடிப்போம், உங்கள் மேல் வழக்கும் வரும். இரண்டில் உங்களுக்கு எது வசதி?"

"எனக்கு போட்டாண்ட போறதுதான் சார் வசதி."

தங்கப்பாண்டி மேசையிலிருந்த படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அதற்கு இதில் கட்டம் இல்லை," என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அம்மு எட்டாவது வரை படித்தவள். வழக்கு வந்தால் வரட்டும் என்று அவளே மனு எழுதினாள். இவன் கட்டியதுதான், செங்கல் வந்த வழி இது, சாந்து குழைத்த நாள் இது என்று ஒரே நாளில் ஏழு மனு போயிற்று. மறுநாளே ஏழுக்கும் பதில் வந்தது. 'அறிஞர் ஆய்வின்படி மேற்படி சின்னம் முந்நூறு ஆண்டுகள் பழமையானது. மனுதாரர் அதைக் கட்டியதாகக் கூறுவது பொய்யானது, ஏற்க இயலாது.' கீழே தங்கப்பாண்டியின் அழகான கையெழுத்து.

"நான் தூக்குன தண்ணியும் பொய்யாமே?" என்றாள் அம்மு. "இடுப்பு வலி மட்டும் நெஜம்."

இதற்குள் திறப்பு விழா வந்தது. பயணிகள் இல்லாமல் சுற்றுலாத் தலத்தைத் திறப்பது நன்றாக இருக்காது என்று, முகமை தன் ஊழியர்கள் நாற்பது பேரைப் பயணிகளாக நியமித்து, பணி நேரமாகக் கணக்கிட்டு, பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து, வியப்போடு பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கையும் விட்டிருந்தார்கள். வியந்தார்கள். இரண்டு பேர் இருமிக்கொண்டே வியந்தார்கள்.

தங்கப்பாண்டி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே! மாவட்டத்துக்கு ஐந்து இடங்கள் என்பது இலக்கு. ஐந்துக்கும் ஐந்து வண்டி பிடித்து மக்கள் அலைய வேண்டுமா? நாங்கள் ஐந்தையும் ஓரிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம். ஒன்று, இந்தக் காவல் மேடை. இரண்டு, அதோ வெண்மணல் திட்டு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பல் கிடந்தது.

"மூன்று, வெந்நீர் ஊற்று." அனல் மின் நிலையத்துக் குழாயிலிருந்து கொதிக்கிற தண்ணீர் ஆவி பறக்கக் கழிமுகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. "மீன்கள் இதற்குள் வருவதில்லை. அதனால் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். நான்கு, மரபுப் படகு." கம்பெனி ஸ்டிக்கர் இன்னும் உரியாத பரசுராமனின் ஃபைபர் போட்டைக் காட்டினார். "ஐந்தாவதுதான் சிகரம். தலைமுறைகளாக இந்த மண்ணில் வாழும் மரபு மீனவர்!"

நாற்பது பேரும் கைதட்டினார்கள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று பரசுராமனுக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஐந்தாவது இடமாக இருக்க அவன் சம்மதித்தான். காட்சி என்றாலும் வேலிக்குள் இருக்கலாம், படிக்கும் போட்டுக்கும் பக்கத்தில் இருக்கலாம், இரண்டாவது பாடு மதியம் இரண்டு மணிக்குத்தான் என்ற கணக்கு அவனுக்கு. பத்து முதல் ஐந்து வரை மேடையில் உட்கார்ந்து வலை சரிசெய்ய வேண்டும். அவனுடைய பழைய வலை நிறம் சரியில்லை என்று முகமை புது வலை கொடுத்தது. புது வலையில் கிழிசல் இல்லை. கிழிசல் இல்லாமல் எதைச் சரிசெய்வது? ஆகவே தினமும் காலையில் கரோலின் அதைக் கத்தரிக்கோலால் நாலு இடத்தில் வெட்டிக் கொடுப்பாள். மாலைக்குள் அவன் பின்னி முடிப்பான். மறுநாள் மறுபடி வெட்டுவாள். வெட்டிய இடங்களின் எண்ணிக்கையை ஒரு பதிவேட்டில் எழுதி அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"பாவமா கீதுண்ணா," என்பாள் வெட்டும்போது.

"நல்லா பெரிசா வெட்டும்மா. பொழுது போவணுமில்ல."

பாட்டு நாள் வந்தது. இரண்டு மணிக்கு நீர் வற்றத் தொடங்கியதும் எழுந்து படியில் கால் வைத்தான். கரோலின் ஓடிவந்தாள். கையில் அன்று காலையில் வந்த உத்தரவு. காட்சிப் பொருள்களைப் பார்வை நேரத்தில் இடம் மாற்றக் கூடாது.

"நான் பொருளாம்மா?"

"நாலும் அஞ்சும்னு போட்டுக்கீதுண்ணா. நாலு போட்டு. அஞ்சு நீங்க. நீங்க போட்டுல ஏறிப் போனா ரெண்டும் ஒண்ணா பூடும். அப்பறம் என்னாண்ட மூணுதான் கீதுன்னு கணக்குக் கேப்பாங்க."

அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பரசுராமன் திரும்பி வந்து உட்கார்ந்தான். இரண்டாவது பாடும் போயிற்று. அன்று மாலை ஊர்ப் பெரியவர்கள் அவனைக் கூப்பிட்டு, முறை எல்லோருக்கும் ஒன்றுதான், இன்னும் ஒரு பாடுதான் இருக்கிறது, பார்த்துக்கொள் என்றார்கள். அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது பாட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பார்வை நேரம் முடிந்து ஐந்தரை மணிக்கு ஜீப் குப்பத்துக்குள்ளேயே வந்தது. தங்கப்பாண்டி இறங்கினார். பின்னால் இக்னேஷியஸ். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பரசுராமன் வீட்டுக்குள் நுழைந்து, அம்மு போட்ட பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள்.

"பரசுராமன் ஐயா," என்று ஆரம்பித்தார் தங்கப்பாண்டி. ஐயா என்றதும் அம்மு அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "நாங்கள் உங்களுக்குப் பெரிய அநீதி செய்துவிட்டோம். அந்த மேடையை நீங்கள்தான் கட்டினீர்கள்."

"மறு ஆய்வில் சிமெண்ட் தென்படுகிறது," என்றார் இக்னேஷியஸ். "ஆராய்ச்சி என்பது வளர்வது."

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பெரிய இடத்து நிறுவனம் ஒன்று துறைமுகத்திலிருந்து நிலக்கரி கொண்டுபோகக் கன்வேயர் போடுகிறது. அதன் ஒரு கால் சரியாக மேடையின் மேல் வந்து விழுகிறது. தொன்மைச் சின்னத்தை அகற்ற வேண்டுமானால் டெல்லி வரை போய் வர ஆறு வருஷம். ஆக்கிரமிப்பை அகற்ற ஒரு பொக்லைனும் அரை நாளும் போதும். மேலிடத்திலிருந்து நாளொன்றுக்கு மூன்று முறை போன் வருகிறது.

"நீங்கள் கட்டியதாக ஒரே ஒரு கையெழுத்து. கட்டியவரே சொன்னால்தான் செல்லும் என்கிறது சட்டப் பிரிவு. வழக்கெல்லாம் போட மாட்டோம், அது என் பொறுப்பு," என்று தங்கப்பாண்டி காகிதத்தை நீட்டினார்.

"ஏழு மனு போட்டமே சார். அதுல கீதே?" என்றாள் அம்மு.

"அதெல்லாம் பொய் என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன் அம்மா. என் கையெழுத்தை நானே பொய் என்று சொல்ல முடியாது. புதிதாக வேண்டும்."

பரசுராமன் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். அவன் இத்தனை நாளும் தொண்டை கிழியச் சொன்னது அத்தனையும் அழகாக அச்சடித்திருந்தது. செங்கல், மீன்பாடி வண்டி, பதினோரு நடை. ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசியில் ஒருத்தன் நம்பிவிட்டான்.

"கையெழுத்துப் போட்டா, அந்தப் படி?"

"படியும் போகும். கரை முழுக்க நிறுவனத்துச் சுவர் வருகிறது."

"வேலி?"

"அதற்கென்ன, நாளைக்கே எடுத்துவிடுகிறோம்! வேலி உங்களுக்கு இனிமேல் தொந்தரவாகவே இருக்காது."

அம்மு புருஷனைப் பார்த்தாள். படியே போனால் பாடும் போய்விடும் என்று பரசுராமனுக்குப் பயம் வந்தது. பெரிய மனிதர்கள் பாயில் உட்கார்ந்து கெஞ்சுவதை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் பயத்துக்குப் பக்கத்திலேயே வேறு ஒன்றும் கிளம்பியது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"முந்நூறு வருசம்னு கவருமெண்டே பலகை வச்சிக்கீது சார். அரசிதழ்ல வந்துக்கீது. நான் பாட்டுக்கு டப்புன்னு இல்லன்னா நல்லா இருக்குமா? படிச்சவங்க சொன்னத கேட்டு கேட்டு எனக்கே இப்ப டவுட்டு. நான்தான் கட்டுனனா, எங்க முப்பாட்டன் கட்டுனானான்னு."

"ஐயா, நீங்களே சொன்னீர்களே! என் காதால் கேட்டேனே!" என்று இக்னேஷியஸ் பதறினார்.

"அப்ப எனக்கு சரித்திரம் தெரியாது சார்."

தங்கப்பாண்டி கெட்டிக்காரர் என்று முதலிலேயே சொன்னேன். பேசுகிற ஆளின் முகத்தைப் பார்த்து, சரி, என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டார்.

"யோசிக்கணும் சார். யோசிக்கணும்னா மனசு நிம்மதியா இருக்கணும். நாளான்னிக்கு காலைல எட்டு மணிக்கு என் பாடு. கேட்டு சாவி இருந்தா நிம்மதியா யோசிப்பேன்."

சாவி வந்தது. பாயிலிருந்து எழுவதற்குள்ளேயே, தங்கப்பாண்டியின் சட்டைப் பையிலிருந்து வந்தது.

என்றைக்காவது ஒருநாள் வேறு எவனையாவது பிடித்து, அந்த மேடையைத் தானே கட்டியதாகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்பது பரசுராமனுக்குத் தெரியும். நாட்டில் கையெழுத்துக்கா பஞ்சம்? ஆனால் அந்த நாள் இந்த நாள் இல்லை. மூன்றாவது பாட்டு நாளில் ஏழு மணிக்கே பூட்டைத் திறந்தான். நாலாவது இடம் ஐந்தாவது இடத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அம்மு படியில் நின்று கயிற்றை அவிழ்த்து விட்டாள். எட்டு மணிக்கு நீர் வற்றத் தொடங்கியபோது அவன் கழிகளை ஊன்றி, தன் சொந்தப் பழைய வலையைத் தண்ணீரில் இறக்கி முடித்திருந்தான்.

எட்டேகாலுக்கு ஜீப் வந்து நின்றது. தங்கப்பாண்டி திறந்த கேட்டுக்குள் ஓடி, முந்நூறு வருஷத்துப் படிகளில் இறங்கி, கடைசிப் படியில் நின்றார். தண்ணீர் பேன்ட்டை நனைத்தது. ஒரு கையில் அதே காகிதத்தின் இன்னொரு பிரதி, மறு கையில் அடித்துக்கொண்டே இருக்கும் போன்.

"பரசுராமன் ஐயா! என்ன ஆயிற்று? மேலிடத்தில் கேட்கிறார்கள்!"

வலையில் முதல் இறால்கள் துள்ளத் தொடங்கியிருந்தன. பரசுராமன் கயிற்றிலிருந்து கையை எடுக்காமல், தண்ணீருக்கு மேலே குரலை உயர்த்திப் பதில் சொன்னான்.

"உங்க மனு பரிசீலனைல கீது சார்!"